எம்.பி. நிதி 5 கோடி அவர் கணக்கில் வருவதில்லை

"நம் எம்.பி. தேசியப் பிரச்சினை பேசத் தில்லி போய்விடுகிறார், தொகுதிக்கென்று வருடம் அவர் கணக்கில் விழும் 5 கோடி ரூபாய் எங்கே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் இதைச் சொல்ல நினைத்தேன்.

5 கோடி என்பது சரிதான். ஆனால் அந்தப் பணம் எம்.பி.யின் கணக்குக்கு வருவதே இல்லை. எந்த வேலை வேண்டும் என்று அவர் பரிந்துரைப்பார், அவ்வளவுதான். அனுமதி கொடுப்பதும் வேலையைச் செய்து முடிப்பதும் மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சி போன்ற அமைப்புகளும். 1993-இல் இந்த எம்.பி. நிதித் திட்டம் தொடங்கியதிலிருந்தே இப்படித்தான். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதிகளின்படி, வேலை செய்தவருக்கே பணம் நேராகப் போகிறது.

நீங்களே பார்க்கலாம். இந்த நிதியில் கட்டியதில் எம்.பி. பெயர், செலவுத் தொகையோடு பலகை வைக்க வேண்டும் என்பது விதி. எங்கள் தெருமுனை நிழற்குடையில் அந்தப் பலகை மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. ஓரத்தை உரித்த பிறகுதான் தொகையும் நிதியாண்டும் தெரிந்தன. அப்புறம், எம்பிலாட்ஸ் (இந்த நிதித் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயர்) இணையதளத்தில் தொகுதிவாரியாக விவரம் இருக்கிறது. அதுவும் போதாது என்றால், 10 ரூபாய் கட்டணத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

அவர் சரியான வேலைகளைப் பரிந்துரைத்தாரா என்று தாராளமாகக் கேளுங்கள். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு.