உளவளத்துணை என்பது அறிவுரை அல்ல

பதகளிப்பு (அளவுக்கு மீறிய பயமும் பதற்றமும்) வந்தால் 'ஆழமா மூச்சை இழுங்க' என்று உளவளத்துணை (கவுன்சலிங்) பற்றிய ஒரு கட்டுரையில் இருக்கிறது. அதில் ஒரு திருத்தம் அவசியம். பயத்தில் ஏற்கெனவே மூச்சு கூடித்தான் போகிறது. இன்னும் இழுத்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து தலைசுற்றும், விரல் மரக்கும். நாலு எண்ணி மெதுவாக உள்ளே, ஆறு எண்ணி வெளியே விட்டால் போதும்.

நல்ல உளவளத்துணையாளர் மூச்சோடு நிறுத்தமாட்டார். உதாரணத்துக்கு ஹட்டன் பஸ்ஸில் ஏறவே பயம் என்றால், ஒவ்வொரு படியிலும் வரும் பயத்துக்கு 0 முதல் 100 வரை புள்ளி போடச் சொல்வார். 30 புள்ளி உள்ள படியில்தான் தொடக்கம்: ஹோல்ட்டில் (பஸ் தரிப்பிடத்தில்) பத்து நிமிடம் நிற்பது. பிறகு ஒரு ஹோல்ட் தூரம், அப்புறம் டவுன் வரை. ஒவ்வொரு படியையும் பல தடவை செய்ய வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடினால் 'ஓடியதால்தான் தப்பினேன்' என்று மூளை படித்துவிடும். பலருக்குப் பிசகுவது இங்கேதான். எப்போதும் துணைக்கு ஆள் வைத்திருப்பதும் அதே தவறு.

நெஞ்சு படபடப்புக்கு முதலில் தைரொயிட்டும் இரத்தச்சோகையும் பாருங்கள். கொழுந்து பறிக்கும் அக்காமாருக்கு இரண்டாவது முக்கியம். உளவளத்துணைக்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், தமிழிலேயே பேச வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். அவசரத்துக்கு இலங்கையின் தேசிய மனநல உதவி எண் 1926.