குடை பிடித்து வளர்த்த மரம்

காட்பாடி. கத்திரி வெயில் தொடங்கி 6 நாள், பகல் பதினொன்றரை மணி. 30 வருஷம் பஸ் கண்டக்டராக ஓடி ஓய்வுபெற்ற அண்ணாமலை, தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு முழ உயரச் செடிக்குக் குடை பிடித்தபடி நிற்கிறார். குடைக்கு வெளியே அவருடைய தலை. (வழுக்கை என்று அவரே ஒத்துக்கொள்ளாததால் நாமும் சொல்ல வேண்டாம்.) மொட்டை மாடியில் வடாம் காயவைக்க ஏறிய பக்கத்து வீட்டுக் கோமதி இதைப் பார்த்துவிட்டு இறங்கி வருகிறாள். அவள் பிறந்த ஊர் போச்சம்பள்ளி பக்கம் சந்தூர். அங்கே பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டவும் பழகிவிடுவார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கோமதி: என்ன அண்ணே, சாமி ஊர்வலமா?

அண்ணாமலை: கிண்டல் பண்ணாதம்மா. ஆப்பிள் செடி. தள்ளுவண்டியில் 250 ரூபாய். குளிர்ப் பிரதேசத்துக் குழந்தை, இந்த வெயிலைத் தாங்குமா சொல்லு.

கோமதி: இலையைத் திருப்பிக் காட்டுங்க. அடியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி, நடுவில் மூணு நரம்பு. முள் இருக்குமே?

அண்ணாமலை: இருக்கிறது. ரோஜாவுக்கும் முள் இருக்கிறதே, அந்த மாதிரி உயர்ந்த ஜாதி போல என்று விட்டுவிட்டேன்.

கோமதி: இலந்தை அண்ணே இது. ஆப்பிள் இலந்தை என்று சொல்வார்கள், காய் பச்சை ஆப்பிள் மாதிரி இருக்கும். வண்டிக்காரர் பின்பாதியை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

அண்ணாமலை: அரை டிக்கெட்டைக் கொடுத்து முழு டிக்கெட் காசு வாங்கிவிட்டானே!

கோமதி: நிஜ ஆப்பிள் குளிரில் நூற்றுக்கணக்கான மணி நேரம் தூங்கி எழுந்தால்தான் பூக்கும். மார்கழியிலேயே ஃபேன் போட்டுக்கொண்டு படுக்கிற ஊரில் அது எங்கே போய்த் தூங்கும்? இது பொட்டல் காட்டில் தானாக வளர்கிற ஜாதி. காய்ப்பு முடிந்ததும் கோடையில் வெட்டிவிட்டால் புதுக் கிளையில் காய்த்துத் தள்ளும். இலந்தைக்குக் குடை பிடித்த முதல் ஆள் உலகத்திலேயே நீங்கதான்.

(அண்ணாமலை மெதுவாகக் குடையைத் தன் பக்கம் நகர்த்திக்கொள்கிறார்.)

அண்ணாமலை: தண்ணீராவது ஒழுங்காக ஊற்றுகிறேன். காலையில் ஒரு சொம்பு, மதியம் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. நான் டீ குடிக்கிற நேரத்தில் அதுகளுக்கும்.

கோமதி: அதனால்தான் எல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி அசையாமல் நிற்கிறது. சொம்புத் தண்ணீர் மேல்மண்ணை நனைக்கும், அவ்வளவுதான். வேரும் சோம்பேறியாக மேலேயே சுற்றும், ரெண்டு நாள் நீங்க ஊருக்குப் போனால் வாடிவிடும். வாரத்துக்கு ரெண்டு தடவை, வெயில் இறங்கினதும், நாலைந்து குடம். அதுவும் தண்டின் காலில் ஊற்றக் கூடாது, கிளை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறதோ அந்த ஓரத்தில் வட்டமாகப் பாத்தி எடுத்து ஊற்றணும். மேலே காய்ந்த சருகைப் போட்டு மூடிடுங்க.

அண்ணாமலை: சருகை எல்லாம் நேற்றுத்தான் சுத்தமாகப் பெருக்கிக் கொளுத்தினேன்.

கோமதி: (பெருமூச்சு) சரி. சின்னச் செடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய மண்பானையைப் புதைத்து, அடியில் ஓட்டை போட்டுத் துணித்திரி சொருகி விடுங்க. சொட்டுச் சொட்டாகக் கசியும். நீங்களும் நிம்மதியாக டீ குடிக்கலாம்.

அண்ணாமலை: பானை இருக்கிறது. இதைச் சொல்லு, இந்தப் பப்பாளி அஞ்சும் ஒரு வருஷமாக மாலை மாதிரி சரம் சரமாகப் பூக்கிறது, ஒரு பிஞ்சு கிடையாது. வாஸ்து பார்த்துத்தான் நட்டேன்.

கோமதி: அஞ்சும் ஆண் மரம். பெண் மரத்தில் பூ தண்டோடு ஒட்டிக்கொண்டு இருக்கும், இப்படி நீளக் காம்பில் தொங்காது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அஞ்சு பேரும் மாலையும் கையுமாக நிற்கிறார்கள், பெண் வீட்டில் ஒருத்தரும் வரவில்லை.

அண்ணாமலை: ஒரு வருஷமாகவா நிற்கிறார்கள்! பாவம்.

கோமதி: குழிக்கு மூணு கன்று வைத்து, பூத்ததும் பெண்ணை வைத்துக்கொண்டு, மகரந்தத்துக்கு ஒரே ஒரு ஆணை விட்டு, மற்றதை எடுத்துவிடணும். இல்லையென்றால் கோ 7 மாதிரி ரகம் வாங்குங்க, அதில் ஆண் மரமே வராது.

அண்ணாமலை: எது எப்படியோ போகட்டும், என் இமாம் பசந்த் மாமரம் இருக்கிறது. நான் ஓய்வுபெற்ற மாதம் நட்ட ஒட்டுச்செடி, 7 வருஷம். இந்த வருஷம்தான் முதல் காய்ப்பு, எண்ணிப் பார்த்தேன், 41. உனக்குக் கூட ரெண்டு கொடுத்தேனே, எப்படி இருந்தது?

கோமதி: ஊறுகாய் நன்றாக வந்தது அண்ணே.

அண்ணாமலை: இமாம் பசந்தை ஊறுகாய் போட்டியா!

கோமதி: நீங்க பழமாகவா சாப்பிட்டீங்க?

அண்ணாமலை: (குரல் இறங்கி) சாப்பிட்டேன். கொஞ்சம் நார். பல்லில் மாட்டினது ரெண்டு நாள் வரவில்லை. புளிப்பும்... முதல் காய்ப்பு அப்படித்தான் இருக்கும் என்று சம்பந்தி வீட்டில் கூடச் சொல்லித்தான் கொடுத்தேன். அவர்களும் "இமாம் பசந்த் இமாம் பசந்த்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

(கோமதி மரத்தடியில் குந்தி, மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தடவிப் பார்க்கிறாள். விரல் நுனி அளவுக்கு ஒரு காய்ந்த கட்டை. அதற்குக் கீழே, பக்கவாட்டில் கிளம்பி, பிறகு நிமிர்ந்து மரமாகியிருக்கிறது அந்த மரம்.)

கோமதி: அண்ணே, இந்தக் கட்டைதான் உங்க இமாம் பசந்த். ஒட்டுக்குக் கீழே வந்த துளிரைக் கிள்ளாமல் விட்டிருக்கீங்க. வேருக்காக வைத்த கொட்டைச்செடிதான் இப்படி மரமாகி நிற்கிறது.

அண்ணாமலை: அதாவது, டிக்கெட் வாங்கினவன் முதல் ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டான். டிக்கெட் இல்லாதவனை ஜன்னல் ஓர சீட்டில் உட்கார வைத்து 7 வருஷம் ஓட்டியிருக்கிறேன்! 30 வருஷ சர்வீஸில் ஒருத்தன் என்னை ஏமாற்றியதில்லைம்மா.

கோமதி: விடுங்க. மரத்தை வெட்ட வேண்டாம், வேர் நல்ல வேர். ஆனியில் பாதிக் கிளையை மட்டும் அறுத்துவிடுங்க, மொத்தமாக அறுத்தால் வெயிலில் பட்டை வெந்துவிடும், அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடிங்க. புதுத் துளிர் பென்சில் கனம் வந்ததும் சந்தூரிலிருந்து எங்க சித்தப்பாவை வரச்சொல்லி இமாம் பசந்த் ஒட்டுக் கட்டிடலாம். அது சரி, மேல்செடி எப்படிப் போச்சு?

அண்ணாமலை: நட்ட மூணாம் மாதம் ஆடு மேய்ந்துவிட்டது. ஒட்டு வரைக்கும் மென்றுவிட்டுப் போனது. செவலை ஆடு, இடது கொம்பு மடங்கியிருக்கும். யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

(கோமதி எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டுகிறாள். கொஞ்சம் அதிக நேரம் தட்டுகிறாள்.)

கோமதி: சித்தப்பாவுக்குக் கூலி ஒன்றும் வேண்டாம் அண்ணே. பஸ் செலவு, சாப்பாடு எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணாமலை: நீ ஏன்?

கோமதி: பக்கத்து வீடு இல்லையா.

அண்ணாமலை: கோமதி, அந்த வருஷம் உங்க வீட்டில் ஒரு ஆடு...

கோமதி: பையன் காதுகுத்துக்கு வளர்த்தது.

அண்ணாமலை: கொம்பு?

கோமதி: ...இடது.

அண்ணாமலை: அடிப்பாவி! என் இமாம் பசந்த்தைத் தின்ன ஆடா அது!

கோமதி: கத்தாதீங்க அண்ணே. அந்தக் காதுகுத்து பிரியாணியில் மூணு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது யார்? கறி தித்திக்கிறது, என்ன தீவனம் போட்டே என்று நீங்கதானே கேட்டீங்க?