தோற்ற இரண்டு மேட்சும் யாரிடம் என்று பாருங்கள்

2025 ஜனவரி 20, திங்கட்கிழமை இரவு அட்லாண்டாவில் அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் ஃபைனலில் ஓஹியோ ஸ்டேட் 34-23 என்று நோட்டர் டேமை ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியதிலிருந்து ஒரே விஷயம்தான் மனதில் ஓடுகிறது, எழுதிவிடுகிறேன். எங்கள் இண்டியானா பல்கலைக்கழக டீம் இந்த சீசனில் ஆடியது 13 மேட்ச், ஜெயித்தது 11. தோற்ற இரண்டும் இந்த இரண்டு டீமிடம்தான், ஃபைனலில் ஆடிய அதே இரண்டு டீம்.

டிசம்பர் 20 அன்று நோட்டர் டேமிடம் 27-17 என்று தோற்ற ராத்திரி டிவியிலும் ட்விட்டரிலும் எத்தனை பேர் கேட்டார்கள், "இந்த டீமுக்கெல்லாம் பிளேஆஃபில், அதாவது கோப்பைக்கான நாக்அவுட் சுற்றுகளில், என்ன வேலை" என்று! மறுநாள் டென்னசி, ஓஹியோ ஸ்டேட்டிடம் 42-17 என்று தோற்றது. வேறொரு மேட்சில் எஸ்எம்யூ (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) 38-10 என்று தோற்றது. முதல் சுற்றில் நடந்த நாலு மேட்சில் வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தது எங்களுடையதில்தான். சரி, கடைசி ஒன்றரை நிமிடத்தில் நாங்கள் அடித்த இரண்டு டச்டவுன்தான் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைக் கொண்டுபோய்ப் பாயிண்ட் எடுப்பது) அந்த ஸ்கோரை அப்படிக் காட்டியது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் டென்னசியைப் பார்த்து யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே. பெயர் பெரிய பெயர் என்றால் தோல்வி வெறும் தோல்வி, சின்னப் பெயர் என்றால் தகுதியே இல்லை. இந்தக் கணக்குதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் இந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் புளூமிங்டனுக்கு வந்து 11 வருடம் ஆகிறது. இது பேஸ்கட்பால் ஊர். இந்த சீசனுக்கு முன்பெல்லாம் சனிக்கிழமை மதியம் ஸ்டேடியத்துக்கு வெளியே புல்வெளியில் சாப்பாடும் பாட்டுமாகக் கூட்டம் அலைமோதும், உள்ளே போனால் பாதி இருக்கை காலியாக இருக்கும். பழகிவிட்டது. 2021ல் 2 வெற்றி, 2022ல் 4, 2023ல் 3. மூன்று வருடத்தையும் கூட்டினால் 9தான் வருகிறது. இந்த சீசனுக்கு முன்பு வரை இந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே ஒரு சீசனில் அதிகபட்ச வெற்றி 9தான், அதுவும் 1945லும் 1967லும்.

அப்படிப்பட்ட இடத்துக்கு 62 வயதில் புதுக் கோச்சாக வந்தார் கர்ட் சிக்னெட்டி. வந்த புதிதில், பிளேயர்களை என்ன சொல்லி அழைத்துவருகிறீர்கள் என்று கேட்டதற்கு, "நான் ஜெயிப்பேன், கூகுளில் தேடிப் பாருங்கள்" என்றார். பலருக்கு அது திமிராகப் பட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மனிதர் அலபாமா பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற கோச் நிக் சேபனிடம் நாலு வருடம் உதவி கோச்சாக இருந்துவிட்டு, 2011ல் அந்த வசதியை எல்லாம் விட்டு, பென்சில்வேனியாவில் தன் அப்பா கோச்சாக இருந்த சின்ன டிவிஷன் டூ (இரண்டாம் தரப் பிரிவு) காலேஜுக்குத் தலைமைக் கோச்சாகப் போனவர். அப்புறம் ஈலான் பல்கலைக்கழகம், அப்புறம் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம். ஒவ்வொரு படியிலும் ஜெயித்து, தோல்வி அதிகமான ஒரு சீசன்கூட இல்லாமல் மேலே வந்தவர் அதைச் சொல்லாமல் வேறு என்ன சொல்வார்?

அவர் செய்ததை மாயாஜாலம் என்று எழுதுகிறார்கள். அது தப்பு, அவருடைய வேலையைக் குறைத்துச் சொல்வது அது. ஜேம்ஸ் மேடிசனிலிருந்து தன்னோடு 13 பிளேயர்களைக் கூட்டி வந்தார். ஏடன் ஃபிஷர், மிகைல் கமாரா, எலைஜா சாரட், டி'ஏஞ்சலோ பாண்ட்ஸ். உயரம் போதாது, வேகம் போதாது என்று பெரிய காலேஜ்கள் ஒரு காலத்தில் திரும்பிப் பார்க்காத பையன்கள், ஆனால் காலேஜ் மைதானத்தில் நிஜமாக ஆடிக் காட்டியவர்கள். ஸ்கூல் பையன்களின் நட்சத்திர ரேங்கைப் பார்த்து எல்லோரும் ஓடும்போது இவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தார். அவ்வளவுதான் ரகசியம், ஆனால் அதைச் செய்ய எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

முதல் 10 மேட்சும் ஜெயித்தோம், அதுவும் இங்கே முன்பு நடந்ததே இல்லை. நெப்ராஸ்காவை 56-7. போன சீசனின் ஃபைனலில் ஆடிய வாஷிங்டன், மிச்சிகன் இரண்டையும் இங்கேயே ஜெயித்தோம். இரண்டுமே பழைய பலத்தோடு வரவில்லைதான், இருந்தாலும் மிச்சிகனை 20-15 என்று ஜெயித்தபோது பக்கத்து இருக்கையில் இருந்த வெள்ளை முடித் தாத்தா ஒரு வார்த்தை பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் இதே மாநிலத்துப் பரம எதிரி பர்டூவை 66-0!

குறை இல்லையா என்றால் இருக்கிறது. ஓஹியோ ஸ்டேட்டிடம் 7-0 என்று முன்னால் இருந்தோம், பாதி ஆட்டம் முடியும் நேரத்தில் பன்ட் (பந்தை எதிரணியிடம் தூரமாக உதைத்துக் கொடுப்பது) அடிக்க வந்த பந்து எங்கள் ஆளின் கை நழுவியது, இடைவேளைக்குப் பிறகு அவர்களுடைய கேலப் டவுன்ஸ் ஒரு பன்ட்டைப் பிடித்து 79 கெஜம் ஓடினார், அதோடு 38-15 என்று போய்விட்டது. நோட்டர் டேம் மேட்சில் நாலாவது குவார்ட்டரில் 17 பாயிண்ட் பின்தங்கியிருக்கும்போது பாயிண்டுக்கு முயலாமல் பந்தை எதிரணியிடம் உதைத்துக் கொடுக்கச் சொன்னார் கோச், அந்த முடிவை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு மேட்சிலும் நம்முடைய அஃபென்சிவ் லைன், அதாவது முன்னால் நின்று தடுக்கும் ஐந்து பேர், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்றவில்லை.

அந்தக் குவார்ட்டர்பேக் கர்டிஸ் ரோர்க் ஆகஸ்டிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து, அதோடுதான் சீசன் முழுக்க ஆடினார் என்று இப்போது செய்தி வந்திருக்கிறது. படித்ததும் மனசு கனத்துவிட்டது. அந்த ராத்திரி அவரைத் திட்டியவர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள் தெரியவில்லை.

அடுத்த 2025 சீசனுக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து குவார்ட்டர்பேக்காக ஃபெர்னாண்டோ மெண்டோசா வருகிறார். நல்ல பையன், நல்ல கை. அவருக்கு முன்னால் நிற்கப்போகும் அந்த ஐந்து பேரை சிக்னெட்டி எங்கிருந்தாவது கொண்டுவரட்டும். 2025 ஆகஸ்ட் 30, ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தோடு முதல் மேட்ச். சீக்கிரமே உள்ளே போய் உட்காரப்போகிறேன்.