தணலில் புகை இல்லை என்றால் ஆபத்தும் இல்லையா?

"கரி நன்றாகக் கனிந்து புகை அடங்கிவிட்டால், கணப்பைப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம்" என்று ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு யோசனை சொல்லும் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. உயிரே போகும்.

புகையில்லாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். நிறமில்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது. இதய நோயுள்ள தாத்தா பாட்டிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தயவுசெய்து கணப்பை வீட்டுக்கு வெளியிலேயே வையுங்கள்.

சரி, குளிருக்கு என்ன செய்வது? கம்பளிக் குல்லா, காலுறை, அடுக்கடுக்காக உடை. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கொடுங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சுட்டாலும் தெரியாது.