கடல் ஏறும் நேரத்தையும் பாருங்கள்

கடலோர நகரங்களை ஒட்டிய தேசியப் பூங்காக்களுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று நீங்கள் வெளியிட்ட பயணக் கட்டுரையில் எழுதியிருப்பது சரிதான். ஆனால் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கடல் ஏறி இறங்கும் நேரம்! பெரும்பாலான கரைகளில் இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பாறையோரமாக நடந்து போகிறவருக்குத் திரும்பும்போது அதே வழி தண்ணீருக்கடியில் போயிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் இன்னும் அதிகம். நான் ஒருமுறை முழங்காலளவு தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினேன். படம் எடுக்க ஆள் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

சிட்னிக்குத் தெற்கே உள்ள ராயல் தேசியப் பூங்கா 1879-இல் உருவானது. அங்கே பண்டீனாவிலிருந்து ஓட்ஃபர்ட் வரை சுமார் 26 கிலோமீட்டர் கரையோரப் பாதை இருக்கிறது. ஒரே நாளில் முடித்துவிட ஆசைப்படாதீர்கள், பாதி தூரமே போதும். மும்பையில் என்றால் சஞ்சய் காந்தி பூங்காவுக்குள் இருக்கும் கன்ஹேரி குகைகளுக்கே அரை நாள் ஒதுக்குங்கள். அப்புறம், அங்கே சிறுத்தைகள் உண்டு. இருட்டுவதற்குள் வெளியே வந்துவிடுங்கள்.