முதல் பழம் யாருக்கு?

2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணம் போகிற ஏ-9 பாதை முகமாலையில் மூடப்பட்டபோது வன்னியில் எங்கள் வட்டக்கச்சித் தோட்டத்தில் கதலி வாழை நல்லாக் குலை தள்ளியிருந்தது. யாழ்ப்பாணம் போகவேண்டிய குலைகள். அப்பா ஒரு லொறியில் தெற்குப் பக்கமாக அனுப்பிப் பார்த்தார். சோதனைச் சாவடியில் எல்லாவற்றையும் இறக்கி, திரும்ப ஏற்றி, காத்துக் கிடந்து, மூன்றாம் நாள் லொறி திரும்பி வந்தது. பாதிக் குலை கறுத்துச் சீப்புக் கழன்று கிடந்தது. நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம். பழுத்த கதலியை என்ன செய்வது?

போர்க்காலத்தில் அரசு பழத்தின் விலையையும் விற்பனையையும் கட்டுப்படுத்தலாமா என்று கேட்டால், கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டும் என்றுதான் சொல்வேன். யாருக்காக என்பதுதான் என் கேள்வி.

இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியா செய்ததைப் பாருங்கள். கப்பலில் இடமில்லை என்று 1940 நவம்பரில் வாழைப்பழ இறக்குமதியையே நிறுத்தினார்கள். மற்றப் பழங்களுக்கு உச்ச விலை வைத்தார்கள். ஆனால் இறைச்சி, சீனிபோலப் பழத்தைக் கூப்பனுக்குள் கொண்டுவரவில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் அவ்வளவையும் கொடுத்தாக வேண்டும். அடுத்த கப்பல் வருமா என்றே தெரியாத பழத்துக்கு அந்த வாக்கைக் கொடுக்க முடியாது. அதனால் வேறு வழி பிடித்தார்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஆகியோருக்குப் பச்சை நிறக் கூப்பன் புத்தகம். தோடம்பழம் வந்தால் முதல் உரிமை அந்தப் புத்தகத்துக்கு. 1945 டிசம்பர் கடைசியில் முதல் வாழைப்பழக் கப்பல் வந்து சேர்ந்தபோதும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்றே ஒதுக்கினார்கள்.

வன்னியிலும் கட்டுப்பாடு இருந்தது, பழம் சந்தைக்கு வந்து விலை குறிப்பதற்கு வெகு முன்பே. 1990இலிருந்து 2002 வரை பொருளாதாரத் தடை. யூரியா இல்லை, இறைக்கிற மிசினுக்கு மண்ணெண்ணெய் இல்லை. தண்ணீரும் பசளையும் காணாத வாழை என்ன குலை போடும்? வெளியிலிருந்து வந்த சாமானுக்கு இந்தப் பக்கம் புலிகள் இயக்கத்தின் வரி வேறு. இரண்டு பக்கமும் லொறியைத்தான் பார்த்தார்கள். இதில் பிள்ளைக்கு எவ்வளவு போகிறது என்று எந்தப் பக்கமும் கேட்டதை நான் காணவில்லை.

இடம்பெயர்ந்து முகாமில் இருந்த சனத்துக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் நிவாரணம் கொடுத்தார்கள். அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். அந்த வரிசையில் அம்மாவோடு நின்றிருக்கிறேன். அது இல்லாவிட்டால் பட்டினிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பழமும் அந்தப் பையில் வந்ததில்லை. அதே கிழமை, இரண்டு மைல் தள்ளி, எங்கள் தோட்டத்தில் குலை பழுத்து விழுந்துகொண்டிருந்தது. சந்தையில் வாங்க ஆளில்லை. முகாமில் வாங்கக் காசில்லை. ஓர் அதிகாரி ஒரு நியாய விலை குறித்து அந்தக் குலைகளைச் சங்கக்கடைக்கு எடுத்திருந்தால் அப்பாவுக்கும் கடன் அடைந்திருக்கும், முகாம் பிள்ளைகளும் தின்றிருப்பார்கள். பாதை பூட்டின இடத்தில் அரசு செய்யக்கூடிய உண்மையான விலைக் கட்டுப்பாடு அதுதான்: தானே வாங்குவது. உச்ச விலை மட்டும் எழுதி வைத்தால் பழம் மேசைக்குக் கீழே போய்விடும்.

எங்களுக்குக் கிடைத்த பழம் காட்டுப் பழம்தான். வைகாசி, ஆனியில் பாலைப்பழம், பிறகு வீரப்பழம். பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டி வாய் பிசுபிசுக்கும், தங்கச்சி அழுவாள், ஆனாலும் விடமாட்டாள். தோடம்பழம் போதாதென்று பிரித்தானியாவில் காட்டு ரோசாவின் சிவப்புக் காய்களைப் பிள்ளைகளையே பொறுக்கவைத்து, அரசே காசு கொடுத்து வாங்கி, பாணி காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். எங்களுக்கும் காடு இருந்தது. பொறுக்கப் போனவர்களோ மிதிவெடிக்குப் பயந்து பயந்து போனார்கள்.

போர் முடிந்துவிட்டது, இப்போது ஏன் இந்தக் கதை என்று கேட்பீர்கள். வெள்ளம் வருகிறது, வரட்சி வருகிறது, முகாம்கள் திறக்கப்படுகின்றன. கொடுக்கிற சாமான் இன்னும் அதே அரிசி, மா, பருப்புத்தான். பிரதேச செயலகங்களில் வேலை செய்கிற நண்பர்கள் சிலர் இதை வாசிப்பீர்கள். அடுத்த முறை நிவாரணப் பட்டியல் எழுதும்போது ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பழம் என்று ஒரு வரி சேர்த்து, அதைப் பக்கத்துத் தோட்டத்தில் வாங்குங்கள்.