புத்தகத்தை மூடிய பிறகு

"உயிரியலா? அது மனப்பாடப் பாடம்தானே, உருப்போட்டால் மார்க் வந்துவிடும்." இதை யார் சொல்லிக் கேட்டாலும் எனக்கு வருத்தமாக இருக்கும். பல வருஷமாக உயிரியல் சொல்லித்தருகிறேன். கடுமையாக உழைக்கிற பிள்ளைகள்கூட இந்தப் பேச்சை நம்பி வரிவரியாக உருப்போடுகிறார்கள். தேர்வு முடிந்து பத்து நாள் கழித்துக் கேட்டால் ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை. அந்த உழைப்பு வீணாவதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை.

நானும் அப்படிப் படித்தவன்தான். சிறுநீரகப் பாடத்தை நான்கு முறை வாசித்தேன், பக்கம் முழுக்க மஞ்சள் கோடு போட்டேன். ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் "இது எனக்குத் தெரியும்" என்றே தோன்றியது. தேர்வில் சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்குழலான நெஃப்ரானை வரையச் சொன்னார்கள். அதன் தொடக்கமான பௌமன் கிண்ணத்தை வரைந்ததோடு கை நின்றுவிட்டது. அடுத்து குழல் எந்தப் பக்கம் போகிறது என்று நினைவுக்கே வரவில்லை.

வழக்கமாக எதிரே வரும் ஒருவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிகிறது. அதே முகத்தைப் பார்க்காமல் தாளில் வரையச் சொன்னால் மூக்கு எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. திரும்பத் திரும்ப வாசிப்பது அடையாளம் காணத்தான் பழக்குகிறது. தேர்வோ பார்க்காமல் வரையச் சொல்கிறது.

2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதி மாணவர்கள் பாடத்தை மறுபடி வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் வாசித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். அந்த ஐந்து நிமிஷ வெற்றிதான் நம்மை ஏமாற்றுகிறது. படித்த கையோடு எல்லாம் நினைவில் நிற்பதால், இந்த முறையே போதும் என்று நம்பிவிடுகிறோம்.

அதனால் நான் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது ஒரு வெள்ளைத் தாள். ஒரு தலைப்பை ஒருமுறை கவனமாக வாசி. புத்தகத்தை மூடு. நினைவில் இருப்பதைப் படமாக வரை, அம்புக்குறி போடு, பெயர் எழுது. முடியாத இடத்தை அப்படியே காலியாக விடு. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பையும் வேறு நிற மையில் திருத்து. அந்த வேறு நிறம் எங்கெல்லாம் விழுகிறதோ அதுதான் நாளைக்குப் படிக்க வேண்டிய பாடம். மற்ற இடத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம். முதல் இரண்டு தடவை தாள் கிட்டத்தட்ட காலியாகத்தான் இருக்கும். பல பேர் அங்கேயே பயந்துபோய் மறுபடி வாசிக்கப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். நினைவில் தேடித் தடுமாறுகிற அந்த நேரத்தில்தான் பாடம் பதிகிறது.

படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. நெஃப்ரானை வெறும் குழாயாகவே வரையலாம். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் "இங்கே என்ன உள்ளே போகிறது, என்ன திரும்பி வருகிறது?" என்று கேட்டுக்கொண்டே வரைய வேண்டும். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி எங்கே போயிற்று? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பாடம் முழுக்க அவிழ்ந்து வரும். முதல் சுருள்குழலின் உட்சுவரில் ஏன் அத்தனை நுண்விரல் நீட்சிகள்? பெரும்பகுதி அங்கேதான் திரும்ப உறிஞ்சப்படுகிறது, அதற்குப் பரப்பு வேண்டும். அந்த செல்களில் ஏன் அத்தனை மைட்டோகாண்ட்ரியா? உப்பை இழுத்துத் தள்ள ஆற்றல் வேண்டும், செல்லுக்குள் அதைத் தருவது மைட்டோகாண்ட்ரியாதான். இப்படிப் புரிந்தவன் தனித்தனியாக எதையும் உருப்போட வேண்டியதில்லை.

இதயத்தின் இடது கீழறையான வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடிமன், இரத்தச் சிவப்பணுவுக்கு ஏன் உட்கரு இல்லை என்று எல்லாவற்றையும் இதே மாதிரி கேட்கலாம். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ல் இரத்தம் சுற்றி வருகிறது என்று வாதாடியதும் ஒரு எளிய கணக்கை வைத்துத்தான். இதயம் அரை மணி நேரத்தில் வெளியேற்றும் இரத்தம் உடலில் இருக்கும் மொத்த இரத்தத்தைவிட அதிகம் என்று காட்டினார். உணவிலிருந்து அவ்வளவு புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்க முடியாது, ஆகவே அதே இரத்தம்தான் திரும்பி வர வேண்டும். இந்தப் பாடத்தை யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாமும் யோசித்துத்தானே படிக்க வேண்டும்?

ஒரு எச்சரிக்கை. "ஏன்" என்று கேட்கும்போது பரிணாமப் பாடத்தில் கவனம் தேவை. "உயரத்து இலையைத் தின்பதற்காக ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டிக்கொண்டது" என்று எழுதினால் தப்பு. கழுத்து நீளத்தில் ஏற்கெனவே வேறுபாடுகள் இருந்தன. பிழைத்துக் குட்டி போட்டவற்றின் பண்பு அடுத்த தலைமுறையில் பெருகியது. எந்த உயிரும் திட்டம் போட்டு மாறவில்லை.

கலைச்சொற்கள் பயமுறுத்துகின்றன என்பது உண்மைதான், ஆனால் பாதிக்கு மேல் ஒரே சில வேர்ச்சொற்களின் சேர்க்கை. 'கிளைக்கோ' என்றால் சர்க்கரை, 'லைசிஸ்' என்றால் உடைப்பது, 'ஹீமோ' என்றால் இரத்தம். கிளைக்காலிசிஸ், ஹீமோலிசிஸ் இரண்டும் அப்போதே பேச ஆரம்பித்துவிடும். ஒரு முப்பது வேர்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம், குழப்புகிற ஜோடிகளை ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். செல் பிரிவின் இரண்டு வகைகளில் மைட்டாசிஸை ஒரு வாரமும் மியாசிஸை அடுத்த வாரமும் படித்தால் இரண்டும் கலந்துவிடும். இரண்டு நிற நூல்துண்டுகளைக் குரோமோசோமாக வைத்து, மேசைமேல் இரண்டு பிரிவையும் நடத்திப் பாருங்கள். ஜோடி சேருவது எங்கே, எண்ணிக்கை பாதியாவது எங்கே என்று விரலே சொல்லிக் கொடுக்கும்.

இடைவெளி விட்டுப் படிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், செய்பவர்கள் குறைவு. 1885-லேயே ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் தன் நினைவையே சோதித்து, மறதி முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் வேகமாக நடக்கிறது என்று காட்டிவிட்டார். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று அதே வெள்ளைத் தாளுக்குத் திரும்புங்கள். பத்து நிமிஷம் போதும். தூக்கத்தைக் குறைத்துப் படிக்க வேண்டாம், அவ்வளவுதான் சொல்வேன்.

போன மாதம் ஒரு மாணவி ஐந்தாவது முறையாக நெஃப்ரானை வரைந்துகொண்டிருந்தாள். தண்ணீரைத் திரும்ப எடுக்க உதவும் ஹென்லே வளைவில் பேனாவை நிறுத்திவிட்டு, "சார், பாலைவனத்தில் இருக்கிற எலிக்கு இந்த வளைவு நீளமாக இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். கங்காரு எலி தண்ணீரே குடிக்காமல் வாழக்கூடியது என்றும் சொன்னேன். அந்தக் கேள்வி அவள் புத்தகத்தில் எங்கேயும் இல்லை.